சி.ஏ.ஜி.ஆர். சார்

ஊருக்கு ஒரு சி.ஏ.ஜி.ஆர். சார் இருக்கிறார். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒருவர், தி.நகர் நடேசன் பூங்காவில் ஒருவர், கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் குறைந்தது மூவர். பெற்றோர் வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தில் பத்திரமாக இருக்கும். பூங்காவில் அது செல்லாது.

வயது அறுபத்து நாலு. காலில் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஷூ. கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. பைக்குள் ஏதோ ஒரு வங்கி இலவசமாகக் கொடுத்த, மூன்று வருஷம் பழசான டைரி. அதிலுள்ள தேதியும் கிழமையும் எதற்கும் பொருந்தாது. வட்டி விகிதங்கள் மட்டும் தினசரி அடித்துத் திருத்தப்பட்டிருக்கும். டாக்டர் சொன்னபடி அவர் தினமும் ஒரு மணி நேரம் நடப்பதாக அவர் வீட்டில் நம்புகிறார்கள். எதிரில் நடந்து வருபவர்களை நிறுத்துவதுதான் அவர் செய்யும் உடற்பயிற்சி.

மற்றவர்கள் பார்த்ததும் "டிபன் ஆச்சா?" என்பார்கள். சார் "கார்ப்பஸ் எவ்வளவு?" என்பார். ஓய்வு பெறும்போது பி.எஃப்., கிராஜுவிட்டி, லீவு சம்பளம், சேமிப்பு என எல்லாம் சேர்ந்து கையில் நிற்கும் மொத்தத் தொகைக்குத்தான் இந்தப் பெயர். பூங்காவுக்குப் புதிதாக வந்த ஒருவர் இதை ரத்தப் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டு, "போன மாசம்தான் பார்த்தேன் சார், நார்மல்னு சொல்லிட்டாங்க" என்றார். சார் சிரிக்கவில்லை. "எந்த ஏஜ்ல நார்மல்?" என்று கேட்டார்.

இந்தப் பட்டப்பெயர் அவருக்கு ஒரு கல்யாணப் பந்தலில் கிடைத்தது. 1994-இல் பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு இவர் 101 ரூபாய் மொய் எழுதியிருக்கிறார். 2019-இல் இவர் மகன் கல்யாணத்துக்கு அந்த அண்ணன் 501 எழுதினார். மொய் நோட்டைப் புரட்டிய தம்பி, "பரவாயில்லையே, அஞ்சு மடங்கா திரும்பி வந்திருக்கு" என்று சொன்னதுதான் தாமதம், சார் மாலையும் கழுத்துமாக கால்குலேட்டரை எடுத்துவிட்டார்.

"இதை ஒரு விளம்பரக்காரன்கிட்ட குடு. 396 சதவீத வளர்ச்சின்னு போர்டு வைப்பான். கொஞ்சம் கூச்சப்படறவனா இருந்தா அதை 25 வருஷத்தால வகுத்து, வருஷத்துக்கு 15.8 சதவீதம்பான். ரெண்டுமே பொய் இல்லை. ஆனா 101 ரூபாயை வருஷா வருஷம் வட்டிக்கு வட்டி போட்டுப் பெருக்கி 501-க்குக் கொண்டுவர எவ்வளவு வட்டி போதும் தெரியுமா? 6.6 சதவீதம். அதுதான் சி.ஏ.ஜி.ஆர். பணம் ஒண்ணுதான், கணக்கு மூணு. ஒருத்தன் இதுல எந்தக் கணக்கைச் சொல்றான்னு பார்த்துட்டா அவன் எதை விக்க வந்திருக்கான்னு தெரிஞ்சுடும்."

இதுவரை சரி. இதோடு நிறுத்தியிருந்தால் அவர் பேராசிரியர். "தொண்ணூறுகள்ல பேங்க் எஃப்டியே பத்து, பன்னிரண்டு குடுத்தான். அண்ணன் நம்மை அண்டர்பர்ஃபார்ம் பண்ணிட்டார்" என்றும் சேர்த்துச் சொன்னார். அண்ணன் அப்போது பின்னால் நின்று தாம்பூலப் பை வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு தீபாவளிக்கு அந்த வீட்டுப் பட்சணம் வரவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர் ஒருவர் பூங்காவில் சேர்ந்த முதல் வாரமே சாரிடம் மாட்டினார். கிராஜுவிட்டி சரியாகத்தான் போட்டிருக்கிறார்களா என்று அவருக்குச் சந்தேகம்.

"கடைசியா வாங்கின பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து எவ்வளவு?"

"அம்பத்திரண்டாயிரம் சார்."

சார் கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. "ஒன்பது லட்சம். 52,000-த்தை 26-ஆல வகுத்தா ஒரு நாள் சம்பளம் 2,000. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், அது 30,000. முப்பது வருஷத்துக்கு ஒன்பது லட்சம்."

"மாசத்துக்கு 30 நாள் இல்லையா சார்? 26-ஆல ஏன் வகுக்கணும்?"

"ஞாயித்துக்கிழமையைக் கழிச்சு வேலை நாள் மட்டும் எடுத்துக்கிட்டாங்க. கிராஜுவிட்டிக்குச் சட்டத்துல உள்ள கணக்கே அதுதான். 30-ஆல வகுத்திருந்தா உங்களுக்கு ஏழு லட்சத்து எண்பதாயிரம்தான் வந்திருக்கும். ஒண்ணேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைச்சலா ஞாயித்துக்கிழமை உங்களுக்குச் சம்பாதிச்சுக் குடுத்திருக்கு."

அம்பத்தூர்க்காரருக்குப் புல்லரித்துவிட்டது. அதே வேகத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டார். "அப்ப பி.எஃப். பென்ஷன் கணக்குல, சம்பளத்தை சர்வீஸால பெருக்கி 70-ஆல வகுக்கிறாங்களே, அந்த 70-ல எதைக் கழிச்சிருக்காங்க சார்?"

சார் மரத்தைப் பார்த்தார், மரத்திலிருந்த காக்காயைப் பார்த்தார். "அது சட்டம்" என்றார். 70 பற்றிக் கேட்பவர்களை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

அவரிடம் உள்ள கோளாறு, பதில் தெரியாதது அல்ல, பதில் முடிந்துவிட்டது தெரியாதது. ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் ஒருவர் ஒருநாள், "புதுசா ஒரு மியூச்சுவல் ஃபண்டு வந்திருக்காம். ஒரு யூனிட் பத்து ரூபாய்தானாம். பழைய ஃபண்டு யூனிட் 800 ரூபாயாம். பத்து ரூபாய்னா மலிவுதானே?" என்று கேட்டார். அந்த யூனிட் விலையைத்தான் என்.ஏ.வி. என்பார்கள். ஃபண்டிலுள்ள சொத்தின் மதிப்பில் கடனையும் செலவையும் கழித்து, மிச்சத்தை யூனிட் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் தொகை.

"டீச்சர், உங்ககிட்ட பத்து ரூபாய் நோட்டு ஆயிரம் இருக்கு. என்கிட்ட ஐநூறு ரூபாய் நோட்டு இருபது இருக்கு. யார் பணக்காரங்க? பத்தாயிரத்தை எதுல போட்டாலும், உள்ளே இருக்கிற பங்கு பத்து சதவீதம் ஏறினா ரெண்டும் பதினோராயிரம்தான். பத்து ரூபாய் மலிவும் இல்லை, 800 ரூபாய் கிராக்கியும் இல்லை. உள்ளே என்ன பங்கு இருக்கு, யார் நிர்வாகம் பண்றாங்க, அதைப் பாருங்க."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. டீச்சர் நன்றி சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். சாரும் கூடவே நடந்தார். ஃபண்டு நிறுவனம் தன் செலவை வருஷம் முழுக்க என்.ஏ.வி.யிலேயே கழித்துக்கொள்வதால் பில் எதுவும் வராது, அதுதான் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ என்றார். ஏஜென்ட் வழியாகப் போனால் ரெகுலர், நேரே போனால் டைரெக்ட், கமிஷன் இல்லாததால் டைரெக்டில் செலவு குறைவு என்றார். சீக்கிரம் வெளியே வந்தால் எக்ஸிட் லோடு என்றார். எஸ்.ஐ.பி. என்பது தனியாக ஒரு திட்டமே இல்லை, மாதாமாதம் போடுகிற முறைதான் என்றார். டீச்சர் கேட்ட கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் பதில் கிடைத்தது. கேட்காத கேள்விகளுக்கு நாலு சுற்று ஆனது. டீச்சர் இப்போது சாயங்காலம் நடக்கிறார்.

பூங்காவில் சாருக்கு ஒரே ஒரு எதிரி, போஸ்ட் ஆபீஸ் சார். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைத் தவிர வேறெதையும் நம்பாதவர். 2023 ஏப்ரலில் அதன் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாகி, வட்டியும் 8.2 சதவீதம் ஆனபோது தன் செலவில் பத்துப் பேருக்குக் காபி வாங்கிக் கொடுத்தவர்.

"30 லட்சத்துக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய். தேதி தவறினதில்லை" என்பார் இவர்.

"அந்த வட்டிக்கு வரி உண்டு. வரியைக் கழிங்க, விலைவாசியைக் கழிங்க. அப்புறம் ரியல் ரிட்டர்ன் என்ன மிஞ்சும்?" என்பார் அவர்.

"மிஞ்சறது என்னவோ, கணக்குல விழுந்துடுது. உங்க ஃபண்டு மாதிரி பேப்பர்ல மட்டும் ஏறி இறங்கறதில்லை. 2001 ஜூலை ஞாபகம் இருக்கா?"

இந்த இடத்தில் சார் மௌனமாகிவிடுவார். 1964-இல் தொடங்கி, பாதுகாப்பு என்றால் அதுதான் என்று நடுத்தரக் குடும்பங்கள் நம்பிப் பணம் போட்ட யு.எஸ்.64 திட்டம், 2001 ஜூலையில் யூனிட்டைத் திரும்ப வாங்குவதை நிறுத்திவைத்தது. பூங்காவில் பாதிப் பேருக்கு அது ஞாபகம் உண்டு. லிக்விடிட்டி என்றால் என்ன என்பதை அவர்கள் டைரியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

சார் பதிலுக்கு 4 சதவீத விதியை எடுப்பார். 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கு அது. கார்ப்பஸில் முதல் வருஷம் 4 சதவீதம் எடுக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு வருஷமும் விலைவாசி ஏறும் அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போகலாம், முப்பது வருஷத்துக்குப் பணம் தாங்கும். "ஒரு கோடி இருந்தா முதல் வருஷம் நாலு லட்சம். மாசம் 33,000 சொச்சம்" என்பார்.

"அமெரிக்காக்காரன் அந்த நாலு சதவீதத்துல பொண்ணு வளைகாப்பு, பேரன் காதுகுத்து, மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம் எல்லாம் சேர்த்திருக்கானா?" என்று கேட்பார் போஸ்ட் ஆபீஸ் சார். கேலியாகக் கேட்டாலும் கேள்வியில் விஷயம் உண்டு. பெங்கன் பார்த்தது அமெரிக்கப் பங்குகளும் கடன்பத்திரங்களும் அமெரிக்க விலைவாசியும். அந்த நாலை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து இங்கே வைக்க முடியாது.

ஏப்ரல் மாதம் வந்தால் சார் ஆள் மாறிவிடுவார். பி.பி.எஃப்.பில் மாதாமாதம் 5-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருக்கிற குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. வருஷத்துக்கு உச்சவரம்பான 1,50,000 ரூபாயை ஏப்ரல் 5-க்குள் போட்டால் பன்னிரண்டு மாத வட்டி, 6-ஆம் தேதி போட்டால் பதினொரு மாத வட்டி. 7.1 சதவீதத்தில் வித்தியாசம் 887 ரூபாய் 50 காசு. ஒரு வருஷம் 5-ஆம் தேதி காலையில் தங்கை மகளுக்கு முகூர்த்தம். மணமேடையில் தாய்மாமனைத் தேடுகிறார்கள். தாய்மாமன் மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில், ஓ.டி.பி.க்காகக் காத்துக்கொண்டிருந்தார். தாலி ஏறியது, பணமும் ஏறியது. தங்கை மட்டும் இன்னும் இறங்கவில்லை.

வட்டிக்கு வட்டியில் அவருக்கு இருக்கும் பக்தியின் உச்சம் வடை விவகாரம். பூங்கா வாசல் டீக்கடையில் அம்பத்தூர்க்காரர் ஒரு மெதுவடையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் சார் குறுக்கிட்டார்.

"இது 15 ரூபாய். 12 சதவீதத்துல 20 வருஷம் விட்டீங்கன்னா எவ்வளவு தெரியுமா? 145 ரூபாய்! நீங்க இப்ப 145 ரூபாயைச் சாப்பிடறீங்க."

"20 வருஷத்துல வடை விலையும் ஏறிடாதா சார்?"

"ஏறும். அதுதான் இன்ஃப்ளேஷன். 6 சதவீதம்னு வைங்க, வடை 48 ரூபாய்."

அம்பத்தூர்க்காரர் மனக்கணக்குப் போட்டார். "அப்ப இந்த ஒரு வடையை இப்ப விட்டா, 20 வருஷம் கழிச்சு மூணு வடை. அவ்வளவுதானே சார்?"

"கரெக்ட்! அதுதான் ரியல் ரிட்டர்ன். எவ்வளவு அழகா புரிஞ்சுக்கிட்டீங்க!"

"எண்பது வயசுல மூணு வடையை எந்தப் பல்லால சார் கடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவர் வடையை வாயில் போட்டுக்கொண்டார். சேமிப்பைப் பற்றி முப்பது வயதுக்காரனிடம் பேச வேண்டியதை அறுபதில் இருப்பவரிடம் பேசினால் இப்படித்தான் ஆகும். அறுபதுக்கு மேல் பணத்தைப் பெருக்குவது பாதிக் கணக்கு. அது கரைந்துவிடாமல் எடுத்துச் செலவழிப்பது மீதிப் பாதி.

இவ்வளவு இருந்தும் சாரை யாரும் விட்டுவிடவில்லை. காரணம் உண்டு. அம்பத்தூர்க்காரருக்குக் கிராஜுவிட்டி வந்து விழுந்த வாசனை அவருடைய வங்கிக்குத் தெரியாமல் இருக்குமா? டை கட்டிய பையன் ஒருவன் வீட்டுக்கே வந்தான். "வருஷம் ஒரு லட்சம், பத்து வருஷம் மட்டும் கட்டுங்க அங்கிள். இருபதாவது வருஷம் முடிஞ்சதும் இருபது லட்சம். பணம் அப்படியே டபுள். கேரண்டீடு" என்றான். கையெழுத்தும் ஆகி, முதல் செக்கும் போய்விட்டது. பாலிசி தபாலில் வந்ததும் அதைப் பூங்காவுக்கு எடுத்துவந்தார்.

சார் டைரியை விரித்தார். ஒவ்வொரு லட்சமும் எத்தனை வருஷம் உள்ளே கிடக்கிறது என்று வரிசையாக எழுதினார். முதல் லட்சம் இருபது வருஷம், கடைசி லட்சம் பதினொரு வருஷம். செல்போனில் ஐ.ஆர்.ஆர். தட்டினார். சுமார் 4.5 சதவீதம். உள்ளே போகிற பணமும் வெளியே வருகிற பணமும் எந்தெந்தத் தேதியில் என்பதைச் சேர்த்துப் பார்க்கிற கணக்கு அது. தேதிகள் ஒழுங்கில்லாமல் இருந்தால் அதையே எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்பார்கள். இரட்டிப்பு என்ற வார்த்தைக்குள் காலம் ஒளிந்துகொண்டிருந்தால் அதைக் காதைப் பிடித்து வெளியே இழுத்துவருவது இந்தக் கணக்குதான்.

பையனுக்கு அங்கேயே போன் போட்டார்கள். "ஆனா கேரண்டீடு அங்கிள்" என்றான் பையன்.

"4.5-க்குக் கேரண்டி தம்பி. நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார் சார்.

பிறகு அம்பத்தூர்க்காரரிடம், பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம், ஃப்ரீ லுக் என்று அதற்குப் பெயர், சில்லறைச் செலவுகளைக் கழித்துக்கொண்டு பணத்தைத் தந்துவிட வேண்டும் என்றார். மஞ்சள் பையோடு தானே கூடப்போய்க் கடிதம் எழுதிக் கொடுத்து, முத்திரை வைத்த நகலையும் வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் போஸ்ட் ஆபீஸ் சாரே அவருக்கு வடை வாங்கிக் கொடுத்தார். சார் அதைச் சாப்பிட்டார். இலவச வடைக்கு வாய்ப்பு இழப்பு கிடையாதாம்.

இப்படிப்பட்டவரின் சொந்தக் கணக்கு எப்படி இருந்தது என்பது போன மாதம் வங்கிக் கவுன்டரில் தெரியவந்தது. டெபாசிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார். கவுன்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், நாமினிக்கு வயசு 93-ன்னு காட்டுதே?" என்றாள்.

"எங்க அம்மா."

"அவங்க ஆதார் அப்டேட் பண்ணணும். கூட்டிட்டு வர முடியுமா சார்?"

"2009-ல தவறிட்டாங்கம்மா."

கல்யாணத்துக்கு முன்னால் திறந்த கணக்கு. ஒவ்வொரு முறையும் 'பழையபடியே' என்று எழுதிப் புதுப்பித்திருக்கிறார். வட்டியில் கால் சதவீதம் குறைந்தால் தூக்கம் கெடுகிறவர் அந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கவேயில்லை. வீட்டில் விசாரித்ததில் இன்னொன்றும் வெளிவந்தது. பதினான்கு ஷீட் உள்ள எக்ஸெல் ஃபைலுக்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு, அது அவருக்கு மட்டுமே தெரியும். "இவர் பார்க்ல எல்லாருக்கும் சொல்வார். நம்ம பணம் எந்த பேங்க்ல இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார் அவருடைய மனைவி.

மறுநாள் சார் பூங்காவுக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தார், நாமினி பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். 2025 நவம்பர் முதல் வங்கி டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரை போடலாம் என்றார். டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வங்கியிலிருந்து வாங்கிக்கொள்கிற ஆள் மட்டும்தான், பணம் யாருக்குச் சொந்தம் என்பது உயில்படியோ வாரிசுச் சட்டப்படியோதான் முடிவாகும் என்றார். யாரும் கொட்டாவி விடவில்லை. பாதிப் பேர் அன்றைக்கு நடையைச் சுருக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், பாஸ்புக்கைத் தேட.

வீட்டில் மனைவிக்கு ஒரு வெள்ளைத் தாளில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். எந்த வங்கி, எவ்வளவு பணம், எந்தத் தேதியில் எவ்வளவு வரும், எனக்குப் பிறகு யாரிடம் போக வேண்டும். சி.ஏ.ஜி.ஆர். இல்லை, எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். இல்லை, எல்லாம் வீட்டில் பேசுகிற தமிழ். அவர் எழுதியதிலேயே உருப்படியானது அந்த ஒரு பக்கம்தான் என்பது என் தீர்ப்பு.

உங்கள் ஊர்ப் பூங்காவிலும் இவர் இருப்பார். கண்டதும் வேறு பாதையில் திரும்பிவிடாதீர்கள். யாராவது உங்களிடம் திட்டம் ஒன்றை நீட்டி இரட்டிப்பு, கேரண்டி என்று சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளை அவரிடம் காட்டுங்கள். சி.ஏ.ஜி.ஆரை அவர் பார்த்துக்கொள்வார். பாஸ்புக்கில் நாமினி பெயரை மட்டும் நீங்களே பார்த்துவிடுங்கள், அந்தப் பெயருக்கு உரியவர் இன்னும் இருக்கிறாரா என்பதையும் சேர்த்து.